வெஸ்ட் ஆன ஆர்எஸ்யூவை விற்றாயிற்று, வருமானவரி ரிட்டர்னில் எதை எங்கே காட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் நம் ஆட்களில் சம்பளத்தோடு ஆர்எஸ்யூவும், அதாவது சில காலம் வேலையில் நீடித்தால் கம்பெனி இலவசமாகத் தரும் ஷேரும், வாங்குபவர்கள் ஏராளம். அந்த ஷேர் உங்கள் பேருக்கு வருவதைத்தான் வெஸ்ட் ஆவது என்கிறார்கள். பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஜூலை மாதத்தில் கேன்டீன் பேச்சு இதுதான். பேசுகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு தடவை வரி கட்டுகிறார்கள், மீதிப் பேர் கட்டவேண்டியதைக் கட்டாமல் விடுகிறார்கள். இரண்டுக்குமே காரணம் விதிகளைத் தமிழில் யாரும் உட்கார்ந்து சொல்லாததுதான் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

இங்கே முக்கியமாகப் பேசுவது, அமெரிக்கச் சந்தையில் லிஸ்ட் ஆன தாய்க் கம்பெனியின் ஷேரை, இந்தியாவில் வசிக்கும் ஊழியர் விற்பதைப் பற்றி. 2025-26 நிதியாண்டு வருமானம் வரைக்கும் பழைய 1961 வருமானவரிச் சட்டம்தான். புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1லிருந்து வரும் வருமானத்துக்கு, அதில் பிரிவு எண்கள் மாறும்.

வெஸ்ட் ஆனபோதே கம்பெனி வரி பிடித்துவிட்டது. விற்றால் மறுபடியும் ஏன் வரி?

நடப்பது இரண்டு வேறு சம்பவங்கள். வெஸ்ட் ஆகும் நாளில் ஷேர் உங்கள் கைக்கு வருகிறது, அன்றைய மதிப்பு முழுவதும் சம்பளத்தோடு சேரும் பெர்க்விசிட், அதாவது சம்பளத்துக்கு மேல் கம்பெனி தரும் சலுகை. அதற்குத்தான் கம்பெனி டிடிஎஸ் (சம்பளத்திலேயே கழித்துக் கட்டும் வரி) பிடிக்கிறது, கம்பெனி தரும் வரிச் சான்றான ஃபார்ம் 16லும் அதோடு வரும் 12பிஏ தாளிலும் அந்தத் தொகை இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் விற்கும்வரை விலை ஏறியதோ இறங்கியதோ, அந்த வித்தியாசம் மட்டும் மூலதன ஆதாயம் அல்லது நஷ்டம். இதற்கு யாரும் டிடிஎஸ் பிடிப்பதில்லை, நீங்களாகக் கணக்குப் போட்டு நீங்களாகக் கட்டவேண்டும்.

ஆக, விற்று வந்த பணம் முழுவதையும் வருமானமாகக் காட்டினால் அநியாயமாக இரண்டு முறை கட்டுகிறீர்கள். "அதான் பிடித்தாயிற்றே" என்று ஒன்றுமே காட்டாமல் விட்டால் பிற்பாடு நோட்டீஸ் வரும்.

வாங்கிய விலை என்று எதைப் போடுவது? நான் காசு கொடுத்து வாங்கவே இல்லையே?

எல்லாக் குழப்பமும் தொடங்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சட்டத்தின் 49(2ஏஏ) பிரிவு சொல்வது இதுதான்: பெர்க்விசிட்டாக வரி போடும்போது என்ன மதிப்பு எடுத்தார்களோ, அதுவே உங்கள் வாங்கிய விலை. நீங்கள் கையிலிருந்து ஒரு பைசா கொடுக்கவில்லை என்றாலும், அந்தத் தொகைக்கு ஏற்கெனவே வரி கட்டியிருக்கிறீர்கள், அதனால் அது உங்கள் முதல். சில புரோக்கர் ஸ்டேட்மென்ட்டில் ஆர்எஸ்யூவுக்கு வாங்கிய விலை பூஜ்யம் என்று வரும். அதை அப்படியே நகல் எடுத்து ரிட்டர்னில் போட்டால், சம்பளமாக வரி கட்டிய அதே தொகைக்கு ஆதாயமாகவும் கட்டுவீர்கள்.

கூகுளில் அன்றைய நாஸ்டாக் விலையைத் தேடி எடுக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் லிஸ்ட் ஆன ஷேர் இந்தியச் சந்தையில் இல்லாததால், நம் விதிப்படி மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர் போட்டுத் தரும் மதிப்பைக் கம்பெனி எடுக்கலாம், அது சந்தை விலையிலிருந்து கொஞ்சம் விலகியும் இருக்கலாம். பேரோல் எந்த ரூபாய் மதிப்பை எடுத்ததோ அதுதான் உங்களுக்கு வேண்டும். ஒவ்வொரு வெஸ்ட்டுக்கும் தேதி, ஷேர் எண்ணிக்கை, டாலர் விலை, மாற்று விகிதம், ரூபாய் மதிப்பு என்று ஒரு பெர்க்விசிட் ஸ்டேட்மென்ட் பேரோலில் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். வேலை மாறுகிறவர்கள் கடைசி நாளுக்கு முன்பே இதை இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தபிறகு பழைய கம்பெனி பேரோலில் ஆளைப் பிடித்து ஒரு தாளை வாங்குவது பெரிய பாடு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

சரி. எண்கள் எல்லாம் ஒரு பேச்சுக்கு.

125 ஷேர் வெஸ்ட் ஆகிறது. விலை 50 டாலர், பேரோல் எடுத்த விகிதம் 82 ரூபாய், அதாவது ஒரு ஷேர் 4,100 ரூபாய். பெர்க்விசிட் 5,12,500 ரூபாய் ஃபார்ம் 16ல் ஏறுகிறது. நீங்கள் 30 சதவீத ஸ்லாபில் இருந்தால் செஸ்ஸோடு 31.2 சதவீதம், அந்த வரிக்காகவே 39 ஷேர் போய்விடும், கையில் 86 மிச்சம்.

பிற்பாடு அதில் 80 ஷேரை 65 டாலருக்கு விற்கிறீர்கள், எடுக்கவேண்டிய விகிதம் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்ற தொகை 80 × 5,525, அதாவது 4,42,000 ரூபாய். வாங்கிய விலை 80 × 4,100, அதாவது 3,28,000. ஆதாயம் 1,14,000 ரூபாய். இது நீண்டகால ஆதாயம் என்றால் 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 14,820 ரூபாய் வரி. குறுகியகாலம் என்றால் 30 சதவீத ஸ்லாபில் 35,568 ரூபாய்.

இதையே புரோக்கர் காட்டும் டாலர் லாபத்தை வைத்துப் போட்டால் 1,200 டாலர் × 85, 1,02,000 ரூபாய்தான் வரும். 12,000 ரூபாய் எங்கே போனது? டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கியதில் வந்த லாபம் அது. டாலர் லாபத்தை மட்டும் ரூபாயாக மாற்றினால் போதும் என்று சிலர் வாதாடுவது எனக்குத் தெரியும், ஆனால் வாங்கிய விலை பெர்க்விசிட்டுக்கு எடுத்த அதே மதிப்பு என்று சட்டம் நேராகவே சொல்லும்போது, ஃபார்ம் 16ல் உள்ள ரூபாய்த் தொகையைப் பிடித்துக்கொள்வதுதான் பத்திரம். கேள்வி வந்தால் கையில் காட்ட ஒரு தாள் இருக்கும்.

எந்தத் தேதியின் டாலர் விகிதம்?

விற்ற தொகைக்கு, விற்ற மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் எஸ்பிஐ போட்ட டிடி பையிங் ரேட் (TT, அதாவது டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபரில் வரும் டாலரை வங்கி வாங்கும் விகிதம்). விதி 115 இதைத்தான் சொல்கிறது. நவம்பர் 18ல் விற்றால் அக்டோபர் 31 விகிதம். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் விழுந்தபோது வங்கி கொடுத்த விகிதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவராமல் புரோக்கர் கணக்கிலேயே விட்டிருந்தாலும் விற்ற வருடத்தில் வரி உண்டு, இதைப் பலபேர் நம்ப மறுக்கிறார்கள்.

புரோக்கர் ஸ்டேட்மென்ட்டில் "லாங் டெர்ம்" என்று போட்டிருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அமெரிக்கக் கணக்கில் ஒரு வருடம் தாண்டினால் நீண்டகாலம். நமக்கு வெளிநாட்டில் மட்டும் லிஸ்ட் ஆன ஷேர், இந்தியாவில் லிஸ்ட் ஆகாத ஷேர் மாதிரிதான், 24 மாதம் தாண்டவேண்டும். 15 மாதம் வைத்திருந்து விற்றது அங்கே நீண்டகாலம், இங்கே குறுகியகாலம், உங்கள் ஸ்லாப் விகிதத்தில் வரி. நாளை எண்ணுவது ஷேர் உங்கள் பேருக்கு வந்த நாளிலிருந்து, ஷேர் தருவதாகக் கம்பெனி கிராண்ட் கடிதம் கொடுத்த நாளிலிருந்து எண்ணக்கூடாது.

24 மாதம் தாண்டியது என்றால் 12.5 சதவீதம், இன்டெக்சேஷன் (பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக்கொள்வது) கிடையாது. 2024 ஜூலை 23லிருந்து இப்படி, அதற்கு முன் விற்றவற்றுக்கு இன்டெக்சேஷனோடு 20 சதவீதம். மொத்த வருமானம் 50 லட்சம் தாண்டினால் சர்சார்ஜும் உண்டு, நீண்டகால ஆதாயத்தின் மேல் அது 15 சதவீதத்தைத் தாண்டாது.

1,25,000 ரூபாய் வரை வரி இல்லை என்கிறார்களே?

அது எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) கட்டி விற்கும் இந்திய லிஸ்டட் ஷேருக்கும் ஈக்விட்டி ஃபண்டுக்கும். அமெரிக்க ஷேருக்குக் கிடையாது.

வரிக்காகக் கம்பெனியே விற்ற ஷேரையும் காட்டவேண்டுமா?

உங்கள் கம்பெனி எந்த முறையில் செய்கிறது என்று பாருங்கள். ஷேர் எல்லாமே உங்கள் கணக்கில் வந்து, அதில் ஒரு பகுதி அன்றோ மறுநாளோ விற்கப்பட்டு வரிக்குப் போனால் அது 'செல் டு கவர்'. விற்றது உங்கள் ஷேர், உங்கள் பேரில். ஆதாயம் சொற்பமாக இருக்கும், புரோக்கரேஜ் கழித்தால் நஷ்டமாகக்கூட இருக்கலாம், ஆனாலும் குறுகியகாலப் பகுதியில் காட்டவேண்டும். மாறாக, கம்பெனியே அந்த ஷேரைப் பிடித்துவைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் உங்களுக்குத் தந்தால், உங்கள் கைக்கே வராததை நீங்கள் விற்கவில்லை. இரண்டிலுமே ஃபார்ம் 16ல் இருப்பது மொத்த 125 ஷேரின் மதிப்பு என்பதை மறக்காதீர்கள். கையில் வந்த 86ஐ மட்டும் வைத்துச் சம்பளத்தைக் குறைத்துப் போடுவது தப்பு.

எந்த ஃபார்ம்? எந்த இடம்?

ஐடிஆர்-2. தொழில் வருமானம் ஏதாவது இருந்தால் ஐடிஆர்-3. வெளிநாட்டுச் சொத்து வைத்திருப்பவர் ஐடிஆர்-1 போடவே முடியாது, சம்பளம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும்.

மூலதன ஆதாய ஷெட்யூலில் எஸ்டிடி கட்டிய ஷேருக்கான வரிசையைத் தொடாதீர்கள். மற்ற சொத்துகளுக்கான வரிசையில், குறுகியகாலம் நீண்டகாலம் பிரித்து, விற்ற தொகை, வாங்கிய விலை, விற்பனைச் செலவு என்று போடவேண்டும். கீழே எந்தக் காலாண்டில் ஆதாயம் வந்தது என்று கேட்கும் அட்டவணையையும் சரியாக நிரப்புங்கள். அதைத் தப்பாகப் போட்டால் அட்வான்ஸ் டாக்ஸ் வட்டி தேவையில்லாமல் ஏறும்.

பொதுத் தகவல் பகுதியில் "லிஸ்ட் ஆகாத ஷேர் வைத்திருந்தீர்களா" என்று ஒரு கேள்வி வரும். வெளிநாட்டுச் சந்தையில் லிஸ்ட் ஆன ஷேர் மட்டும் இருந்தால் "இல்லை" என்று போடலாம் என்று வரித்துறை 2019லேயே தெளிவுபடுத்தியது. ஆதாயக் கணக்கில் லிஸ்ட் ஆகாதது மாதிரி, இந்தக் கேள்வியில் மட்டும் இல்லை. முரண்பாடாகத் தெரியும், ஆனால் விதி அப்படித்தான்.

ஷெட்யூல் எஃப்ஏ என்று ஆடிட்டர் கேட்கிறார். விற்று முடித்தபிறகும் எதற்கு?

ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் பகுதிதான் ஷெட்யூல் எஃப்ஏ. என்னைக் கேட்டால் வரியைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படவேண்டும். வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாமல் விட்டால் 2015 கருப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட வழி இருக்கிறது, நேர்மையாகச் சம்பாதித்து வரியும் கட்டிய ஷேராக இருந்தாலும். 2024 அக்டோபர் 1லிருந்து, அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் நாலைந்து வருட ஆர்எஸ்யூ சேர்ந்தால் 20 லட்சம் தாண்டுவது பெங்களூர் சம்பளத்தில் பெரிய விஷயமே இல்லை. தளர்த்தியது அபராதத்தை மட்டும்தான், காட்டவேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

இந்த ஷெட்யூல் ஓடுவது காலண்டர் வருடத்தில். 2025-26 நிதியாண்டு ரிட்டர்னில் 2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எந்த ஒரு நாளிலாவது வைத்திருந்ததை எல்லாம் காட்டவேண்டும், பிப்ரவரியில் வெஸ்ட் ஆகி மார்ச்சில் விற்றது உட்பட. ஆதாயக் கணக்கோ ஏப்ரல் முதல் மார்ச். அதனால் 2026 பிப்ரவரியில் விற்றால், ஆதாயம் இந்த ரிட்டர்னில், அந்த விற்பனை எஃப்ஏவில் ஏறுவது அடுத்த வருட ரிட்டர்னில். இரண்டு ஷெட்யூலின் தொகையும் ஒத்துப்போகவில்லையே என்று பதறவேண்டாம், ஒத்துப்போகவேண்டிய அவசியம் இல்லை.

எஃப்ஏவில் ஷேருக்கான ஏ3 அட்டவணையில் ஒவ்வொரு வெஸ்ட்டும் தனித்தனி வரிசை: வந்த நாள், தொடக்க மதிப்பு, அந்த வருடத்தின் உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, வந்த டிவிடெண்ட், விற்ற தொகை. இங்கே விகிதம் அந்தந்த நாளின் எஸ்பிஐ டிடி பையிங் ரேட், மாதக் கடைசி விதி இங்கே கிடையாது. கம்பெனி பெயர், முகவரி என்ற இடத்தில் ஷேர் வெளியிட்ட அமெரிக்கத் தாய்க் கம்பெனியைப் போடவேண்டும், அவுட்டர் ரிங் ரோட்டில் இருக்கும் நம் ஆபீசை இல்லை. புரோக்கர் கணக்கை, வெளிநாட்டில் நம் சொத்தை வைத்திருக்கும் கணக்குகளுக்கான ஏ2வில் தனியாகக் காட்டவேண்டுமா என்று ஆடிட்டர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் காட்டச் சொல்வேன், அதில் டாலர் பணமும் கிடப்பதால்.

ரகசியமாக இருக்கும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். 2015லேயே இந்தியாவும் அமெரிக்காவும் கணக்குத் தகவல் பகிரும் ஒப்பந்தம் போட்டுவிட்டன. 2024 நவம்பரில் வரித்துறை எஃப்ஏவை நிரப்பாதவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் அனுப்பியது அந்தத் தகவலை வைத்துத்தான்.

டிவிடெண்ட் 75 டாலர் வந்தது. 75 போட்டால் போதுமா?

100 போடுங்கள். அமெரிக்கர் அல்லாதவர் என்று புரோக்கரிடம் அறிவிக்கும் டபிள்யூ-8பென் ஃபார்ம் கொடுத்திருந்தால், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொண்டு மிச்சம் அனுப்புகிறது. 100 டாலரையும் வருமானமாகக் காட்டி, வெளிநாட்டு வருமானத்துக்கும் அங்கே கட்டிய வரிக்குமான எஃப்எஸ்ஐ, டிஆர் ஷெட்யூல்களை நிரப்பி, ஃபார்ம் 67ஐத் தனியாக போர்ட்டலில் தாக்கல் செய்தால் அந்த 25ஐ இங்கே வரியில் கழிக்கலாம். 30 சதவீத ஸ்லாபில் இங்கே 31.2 டாலர் வரி, 25 கழிந்து 6.2 மட்டும் கட்டினால் போதும். டபிள்யூ-8பென் கையெழுத்திட்ட வருடத்துக்கு அப்புறம் மூன்று காலண்டர் வருடம் செல்லும், காலாவதியாக விடாதீர்கள். ஷேர் விற்ற லாபத்துக்கு அமெரிக்கா நம்மிடம் வரி பிடிப்பதில்லை, அதனால் அங்கே கழிக்கவும் ஒன்றும் இல்லை.

வரியை ஜூலையில் ரிட்டர்னோடு கட்டினால் ஆகாதா?

ஆகும், வட்டியோடு. டிடிஎஸ் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி பாக்கி வந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டவேண்டும்: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. ஆனால் டிசம்பரில் விற்பீர்கள் என்று ஜூனில் யாருக்குத் தெரியும்? அதனால் மூலதன ஆதாயத்துக்கு ஒரு சலுகை, விற்றபிறகு வரும் தவணைகளில் கட்டினால் தவணை தவறியதற்கான வட்டி இல்லை. மார்ச் 15க்குப் பிறகு விற்றால் மார்ச் 31க்குள் கட்டுங்கள்.

போர்ட்டலில் சலான் போட அலுப்பாக இருந்தால் பேரோலில் மற்ற வருமானமாக அறிவித்து, மிச்ச மாதச் சம்பளத்தில் கூடுதல் டிடிஎஸ் பிடிக்கச் சொல்லலாம். இது எனக்குப் பிடித்த வழி.

நஷ்டத்துக்கு விற்றேன். காட்டி என்ன பயன்?

நிறையவே பயன். குறுகியகால நஷ்டத்தை எந்த மூலதன ஆதாயத்திலும் கழிக்கலாம், நம் ஊர் மியூச்சுவல் ஃபண்ட் லாபம் உட்பட. நீண்டகால நஷ்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டும். மிச்சம் இருந்தால் 8 வருடம் முன்னால் கொண்டுபோகலாம், ஆனால் ரிட்டர்னை உரிய கெடுவுக்குள் போட்டிருக்கவேண்டும்.

விற்ற பணத்தில் ஓசூரில் வீடு வாங்குகிறேன். வரி விலக்கு உண்டா?

24 மாதம் தாண்டிய ஷேர் என்றால் 54எஃப் பிரிவு இருக்கிறது. ஆதாயத்தை மட்டும் போட்டால் போதாது, விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு, பாதி போட்டால் பாதி. விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்றபின் இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கவேண்டும், கட்டுவதானால் மூன்று வருடம். விற்ற நாளில் உங்கள் பேரில் ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் வீடு இருந்தால் கிடைக்காது. மனை மட்டும் வாங்கிச் சும்மா போட்டு வைத்தால் செல்லாது, அந்த மூன்று வருடத்துக்குள் வீடு எழும்பவேண்டும். ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் செலவழிக்காத பணத்தை வங்கியில் கேபிடல் கெயின்ஸ் கணக்கில் போட்டுவையுங்கள், சேமிப்புக் கணக்கில் கிடந்தால் விலக்கு போய்விடும்.

என் கம்பெனி என்எஸ்இயில் லிஸ்ட் ஆனது. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

வாங்கிய விலை விதி அப்படியே பொருந்தும். மற்றது சுலபம்: 12 மாதம் தாண்டினால் நீண்டகாலம், 1,25,000 ரூபாய்க்கு மேல் 12.5 சதவீதம், குறுகியகாலம் என்றால் 20 சதவீதம், எஃப்ஏ கிடையாது. லிஸ்ட் ஆகாத ஸ்டார்ட்அப் ஷேர் என்றால் 24 மாதக் கணக்கு.

அமெரிக்காவிலிருந்து போன வருடம்தான் பெங்களூர் திரும்பினேன்.

முதலில் உங்கள் ரெசிடென்ட் நிலையைப் பாருங்கள். முந்தைய 7 வருடத்தில் இந்தியாவில் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர், அல்லது முந்தைய 10ல் 9 வருடம் நான்-ரெசிடென்டாக இருந்தவர், 'சாதாரணமாக வசிக்காத' ரெசிடென்ட். அந்த நிலையில் ஷெட்யூல் எஃப்ஏ நிரப்பவேண்டியதில்லை, அமெரிக்க ஷேரை அங்கேயே விற்று அங்கேயே பணம் வாங்கிய லாபத்துக்கும் பொதுவாக இங்கே வரி இல்லை. பழைய ஷேரை விற்கும் எண்ணம் இருந்தால் இந்தக் காலத்துக்குள் யோசியுங்கள்.

ஷேரை விற்காமல் அப்படியே வைத்திருந்தால் நல்லதுதானே?

அது உங்கள் முதலீட்டு முடிவு. ரிட்டர்னோடு நேரடியாகச் சம்பந்தம் இல்லை என்றாலும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது. அமெரிக்கர் அல்லாதவர் இறந்துபோனால், அவர் பேரில் உள்ள அமெரிக்க ஷேர் 60,000 டாலர் தாண்டியதற்கு அங்கே எஸ்டேட் டாக்ஸ் உண்டு, 40 சதவீதம் வரை போகும். இந்த வரிக்கு இந்தியாவோடு ஒப்பந்தம் எதுவும் இல்லை. புரோக்கர் கணக்கு எங்கே, எவ்வளவு என்பதை மனைவிக்கோ கணவருக்கோ சொல்லி வையுங்கள்.

முந்தைய வருடங்களில் எதுவுமே காட்டவில்லை. இப்போது என்ன செய்வது?

திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு முடியவில்லை என்றால் உடனே அதைப் போடுங்கள், அதற்குக் கூடுதல் வரி இல்லாவிட்டாலும் போடலாம். கெடு முடிந்துவிட்டால், விட்டுப்போன வருமானத்தைப் பிற்பாடு காட்டும் ஐடிஆர்-யூ ரிட்டர்ன் இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம், வரியும் வட்டியும் கட்டி, அவற்றின் மேல் தாமதத்தைப் பொறுத்து 25, 50, 60, 70 சதவீதம் என்று கூடுதலாகக் கட்டவேண்டும். ஒவ்வொரு வருடம் தள்ளும்போதும் இது ஏறுகிறது. விட்டது எஃப்ஏ மட்டும்தான், வரி எதுவும் பாக்கி வராது என்றால் ஐடிஆர்-யூ வழி ஒத்துவராது. அந்த நிலையில் இருப்பவர்கள் வெளிநாட்டுச் சொத்து விவகாரம் பார்த்துப் பழகிய ஆடிட்டரிடம் எல்லா வருட ஃபார்ம் 16, பெர்க்விசிட் ஸ்டேட்மென்ட், புரோக்கர் ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதையும் நோட்டீஸ் வருவதற்கு முன்பே செய்யுங்கள்.